போட்ட ஹேண்ட் பிரேக்

பின் சக்கரத்து டிரம் அவ்வளவு சுலபத்தில் கையோடு வந்துவிடாது. துருவும் தூசியும் சேர்ந்து பிடித்துக்கொண்டிருக்கும். ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டி, கொஞ்சம் கெஞ்சி, கொஞ்சம் திட்டி, அதன் பிறகுதான் அசையும். இந்த வண்டியின் வலது பக்கத்து டிரம்மோ இரண்டு கையாலும் பிடித்து இழுத்தவுடனேயே பிடிப்பே இல்லாமல் வந்துவிட்டது. மெக்கானிக் டிரம்மை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். புது பிரேக் ஷூ மாட்டிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. டிரம்முக்குள் இருக்கும் ஷூ அதை உரசியபடி நின்றிருக்க வேண்டும், கழற்றும்போது வரமாட்டேன் என்று அடம்பிடித்திருக்க வேண்டும். ஒழுங்காக வேலை செய்கிற பிரேக் யாரிடமும் இவ்வளவு மரியாதையாக நடந்துகொள்ளாது.

வண்டி அவனுடைய அக்கா வீட்டுக்காரருடையது. சின்ன பிக்கப். வீடு மாறுகிறவர்களின் கட்டில், பீரோ, மெத்தை என்று ஏற்றிக்கொண்டு போவது அவருடைய தொழில். இப்போது விற்கப்போகிறார், வேறொரு டிரைவரை வைத்துத்தான் வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். வாங்குகிறவர் நாளை மதியம் வந்து எடுத்துக்கொண்டு போவதாகப் பேச்சு. "ஒருதடவை எல்லாத்தையும் பாத்துடு மாப்ள, வாங்குறவன் நல்லா இருக்கணும்" என்று சாவியைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். சாவியைக் கையில்கூடக் கொடுக்கவில்லை. முன்பெல்லாம் மாமா ஷெட்டுக்குள் நுழைந்தால் பக்கத்து டயர் கடைக்காரன் வரை சிரித்துக்கொண்டிருப்பான். அன்றைக்கு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

மெக்கானிக்குக் கடைத்தெருவில் ஒரு பட்டப்பெயர் உண்டு, ஒத்தைப்பக்கம். பிரேக் வேலைக்கு எந்த வண்டி வந்தாலும் ஒரு பக்கத்துச் சக்கரத்தை மட்டும்தான் பிரிப்பான். அதைத் துடைத்து, மாட்டி, டிரம்மையும் மூடிய பிறகுதான் அடுத்த பக்கத்தில் கை வைப்பான். வண்டிக்காரர் எவ்வளவு அவசரப்பட்டாலும் சரி. இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிரித்துப் போட்டு வேலையை முடிக்கிற மற்ற மெக்கானிக்குகள், ஒத்தைப்பக்கத்திடம் வண்டியைக் கொடுத்தால் பேரன் வந்துதான் எடுக்கணும் என்று கிண்டல் செய்வார்கள். அவன் கண்டுகொள்வதில்லை. உள்ளூரப் பெருமைதான்.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டு பிரேக் ஷூவுக்கும் நடுவே விரல் நீளத்துக்கு ஒரு திருகு உண்டு. அதில் ஒரு பல் சக்கரம். ஹேண்ட் பிரேக்கை இழுக்கும்போது ஒரு சின்ன நெம்பு அந்தச் சக்கரத்தை ஒரு பல் தள்ளிவிடும். திருகு ஒரு இழை நீளும், தேய்ந்த ஷூ அந்த அளவுக்கு டிரம்மை நெருங்கி நிற்கும். யாரும் கை வைக்காமலே பிரேக் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். அருமையான ஏற்பாடுதான், ஒரே ஒரு வம்பு. இடது பக்கத்துத் திருகின் மரை ஒரு திசையில் ஓடும், வலது பக்கத்தினுடையது எதிர்த் திசையில். பார்வைக்கு இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். இடம் மாற்றி மாட்டினாலும் இம்மி பிசகாமல் உட்காரும். ஆனால் நெம்பு தள்ளத் தள்ளத் திருகு நீளாது, சுருங்கும். ஒருபக்கமாகப் பிரித்தால் இரண்டும் கலக்க வழியே இல்லை.

வேஷ்டித் துணியில் கிழித்த கந்தலை எடுத்து அந்தத் திருகைத் துடைத்தான். கருப்புப் போய், இரும்பில் வெட்டியிருந்த எழுத்து தெரிந்தது. இடது பக்கத்துக்கான எழுத்து. வெளிச்சம் சரியில்லை என்று வாசல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தான். கண்ணை மூடித் திறந்துகூடப் பார்த்தான். பிறகு மறுபக்கம் போய் அந்த டிரம்மையும் கழற்றினான். அதுவும் மரியாதையாக வந்தது. அதில் வலது பக்கத்துத் திருகு. இரண்டுமே முழுக்க உள்ளே சுருங்கி, இனிச் சுருங்க இடமில்லாமல் நின்றன. ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் புதிதாகவே இருந்தது. அது டிரம்மைத் தொட்டே பல நாள் ஆகியிருக்கும்.

எழுந்து போய் முகத்தில் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டான். துடைக்கத் துண்டை எடுக்கவும் தோன்றவில்லை.

புது ஷூ மாட்டிய அன்றைக்கு நடந்தது மறக்கக்கூடியது அல்ல, மறந்ததுபோல வைத்திருந்தான். மாமா காலையிலேயே வண்டியோடு வந்து உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். அவனுடைய பட்டப்பெயரை வைத்தே அரைமணி நேரம் ஓட்டினார். சாப்பிடும்போதும் ஒரு பக்கப் பல்லால்தான் மெல்லுவாயா என்றார். டயர் கடைக்காரன் வேறு வந்து சேர்ந்துகொண்டான். இவன் வலது பக்கத்தைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது மாமா ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார். உதவி செய்கிறாராம். திரும்பிப் பார்ப்பதற்குள் இடது பக்கமும் பிரிந்து, அதன் ஸ்பிரிங்கும் திருகும் இவனுடைய மண்ணெண்ணெய்த் தட்டிலேயே வந்து விழுந்தன. இவன் கத்தினான். மாமா சிரித்தார். "எல்லாம் ஒரே குடும்பத்துச் சாமான்தானே மாப்ள, சண்டை போட்டுக்காது" என்றார்.

அப்போதே துடைத்து எழுத்தைப் பார்த்திருக்கலாம். எரிச்சல். இந்த மனுஷன் கிளம்பினால் போதும் என்றிருந்தது. இதையெல்லாம் கண்ணைக் கட்டிவிட்டாலும் மாட்டுவேன் என்ற திமிரும் கூட இருந்தது. கைக்கு வந்ததை எடுத்து மாட்டினான். கடைசியாக வண்டிக்கு அடியில் படுத்து, பின் தகட்டு ஓட்டை வழியாக ஸ்க்ரூடிரைவரை விட்டுப் பல் சக்கரத்தை வழக்கமான திசையில் திருப்பினான். இறுக வேண்டிய சக்கரம் இன்னும் லேசாகச் சுற்றியது. ஒரு கணம் கை நின்றது. நன்றாக நினைவிருக்கிறது, நின்றது. தலைகீழாகப் படுத்திருக்கிறோம், திசை குழம்பிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எதிர்ப்பக்கம் திருப்பினான். இறுகியது. மேலே மாமா டயர் கடைக்காரனிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். போய்த் தொலையட்டும் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தான்.

வண்டி அன்றைக்குப் பிரமாதமாக நின்றது. மாமா தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒத்தைப்பக்கம்னா ஒத்தைப்பக்கம்தான் என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

பிறகு ஒருநாள் போன் செய்தார். பிரேக் பெடல் முன்னைப்போல இல்லை, கொஞ்சம் கீழே இறங்குகிறது என்றார். இவன் வேறொரு வண்டியின் கீழே கிடந்தான். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, புது லைனிங் படிய நாளாகும் என்றான். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. "நிறுத்துற இடத்துல எல்லாம் ஹேண்ட் பிரேக்கை நல்லா இழுத்துப் போடுங்க மாமா. போடப் போடத் தானா டைட்டாகிடும்" என்று சொன்னான். சரி மாப்ள என்றார். எல்லாரையும் கிண்டல் செய்கிற அந்த மனுஷன் வண்டி விஷயத்தில் மட்டும் மச்சினன் சொன்னால் மறுபேச்சு பேசமாட்டார்.

அக்கா தையல்காரி. வீட்டு முன்னறைதான் கடை. பழைய மெஷினைத் தள்ளிவிட்டு ஓரம் அடிக்கிற புது மெஷின் ஒன்று வாங்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அது வந்த அன்று மாமாவே போய் ஏற்றிக்கொண்டு வந்தார். வீட்டு வாசல் சரிவான இடம். வண்டியைப் பின்பக்கமாக வாசலுக்கு ஒட்டி நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் இறங்கினார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை, ஓடிப்போய்ப் பின்கதவின் கொக்கியைத் திறந்தாள். வண்டி சத்தமில்லாமல் பின்னால் உருண்டது. அவள் நகர்ந்துவிட்டாள், வலது கை மட்டும் நகரவில்லை. பின்கதவுக்கும் கேட்டுத் தூணுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. மாமா பாய்ந்து ஏறி வண்டியை முன்னால் எடுத்தார். அந்தப் பதற்றத்தில் ஹேண்ட் பிரேக் மேலே இருந்ததா கீழே இருந்ததா என்று அவருக்கு நினைவில்லை.

போட்டிருந்தால் வண்டி எப்படி உருளும் என்று எல்லாரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் இவனும் அதையேதான் கேட்டான். நாக்கு கூசாமல் கேட்டான். மாமா முதலில் போட்டேன் என்றார். பிறகு போட்ட மாதிரிதான் இருக்கு என்றார். கடைசியில் சுவரைப் பார்த்தபடி, மெஷினைக் காட்டுற அவசரத்துல மறந்துதான் போயிருப்பேன் போல என்றார். அன்றோடு அவருடைய சிரிப்பு போனது.

இப்போது டிரம் இல்லாத சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கிற்று. திருகு இவ்வளவு தூரம் சுருங்க வேண்டுமானால் நெம்பு அத்தனை முறை தள்ளியிருக்க வேண்டும். நெம்பு தள்ள வேண்டுமானால் மாமா அத்தனை முறை ஹேண்ட் பிரேக்கை இழுத்திருக்க வேண்டும். அவர் மறக்கவில்லை. ஒவ்வொரு வாசலிலும், ஒவ்வொரு சிக்னலிலும் மச்சினன் சொன்னபடி நன்றாக இழுத்துப் போட்டிருக்கிறார். போடப் போடப் பிரேக் விலகிக்கொண்டே போயிருக்கிறது. அசட்டையான டிரைவராக இருந்திருந்தால் அக்காவின் கை தப்பியிருக்கும்.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கேதான் வந்தாள், திரும்பிப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கட்டைப் பிரித்தாகிவிட்டது. ஆனால் இரண்டு விரல் மடங்குவதில்லை. அவள் இடது கையால் ஊசியில் நூல் கோக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். நூல் ஊசிக்கண்ணின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போய்க்கொண்டிருந்தது. அவன் மனைவி சீப்போடு வந்து அக்காவின் பின்னால் உட்கார்ந்து தலை வாரத் தொடங்கினாள். தட்டில் போட்ட சாப்பாட்டை அவன் பிசைந்துகொண்டே இருந்தான்.

வண்டி நாளைக்குப் போகிறது என்று மெல்லச் சொன்னான். போகட்டும் என்றாள் அக்கா. அந்த மனுஷனுக்கு அதை விட்டால் வேறென்ன தெரியும் என்று மனைவி முணுமுணுத்தாள். அக்கா ஊசியைக் கீழே வைத்தாள்.

"கை போனதுக்குக்கூட நான் அழலடா. 'போட்டேன்'னு அடிச்சு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன். அவருக்கே தெரியலையே. என்னைப் பின்னால நிக்க வெச்சிட்டு, போட்டோமா இல்லையான்னு தெரியாத மனுஷனோட நான் எப்படி இருக்கிறது?"

அவன் அப்போதே சொல்லியிருக்கலாம், சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் இவனைத் தேடித்தான் வந்திருக்கிறாள். சின்ன வயதில் வீட்டில் எது உடைந்தாலும், தம்பி பார்த்துக்கொள்வான் என்று இவனிடம் கொண்டுவந்து நீட்டிய அதே அக்கா. இந்த வீட்டில் அவள் தூங்குகிறாள், அவனுடைய மனைவியிடம் தலையைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறாள். சொன்னால் எங்கே போவாள்? அப்படி நினைத்துக்கொள்வதும் வசதியாகத்தான் இருந்தது. உண்மையில் அவன் பயந்தது அவளுக்காக அல்ல. எழுந்து கை கழுவினான்.

மறுநாள் காலை சீக்கிரமே ஷெட்டைத் திறந்தான். திருகுகளை இடம் மாற்றிவிடலாம் என்றுதான் வந்தான், அதையும் மறைக்காமல் இங்கே சொல்லிவிட வேண்டும். இரண்டு திருகையும் இடம் மாற்றி, டிரம்மை மூடிவிட்டால் கதை முடிந்தது. மதியம் வண்டி போய்விடும், அதோடு எல்லாமும் போய்விடும். வாங்குகிறவனுக்குப் பிரேக் நன்றாக இருக்கும். கேட்டால், பிரித்தது மாமாதானே என்று சொல்ல ஒரு வாய்ப்பும் இருந்தது. ராத்திரி முழுக்க அந்த வாய்ப்பைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிரித்தது அவர்தான். மாட்டியது யார்? படுத்துக்கொண்டு ஸ்க்ரூடிரைவரைத் திருப்பும்போது நின்ற கை யாருடையது?

இரண்டு பக்கத்துத் திருகையும் கழற்றி உள்ளங்கைக்கு ஒன்றாக வைத்துக்கொண்டான். இதைச் சரியாக்க வேண்டுமானால் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிரித்தாக வேண்டும். அவனுடைய பழக்கத்துக்கே விரோதமான வேலை. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பான். வெகுநேரம் அப்படியே நின்றான். டயர் கடைக்காரன் டீ வேண்டுமா என்று எட்டிப் பார்த்துவிட்டு, முகத்தைக் கண்டு பேசாமல் போனான்.

பிறகு இடது பக்கத்துக்கான எழுத்து வெட்டிய திருகைத் துடைத்து எண்ணெய் விட்டு, வேலை பார்த்த அன்றிருந்த நீளத்துக்குக் கொண்டுவந்து, வலது பக்கத்திலேயே திரும்ப மாட்டினான். இத்தனை வருஷத்தில் ஒரு வேலையைத் தெரிந்தே தப்பாகச் செய்தது அன்றுதான். ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் அதனதன் இடத்தில் கவனமாகக் கொக்கி போட்டான். டிரம்மைப் போடவில்லை.

வீட்டுக்குப் போய் அக்காவிடம், வா, ஒன்று காட்ட வேண்டும் என்றான். நான் எதற்கு, அவர் அங்கே இருப்பார் என்றாள். இருப்பார்தான் என்றான். அவனுடைய முகத்தில் என்ன பார்த்தாளோ, மேற்கொண்டு கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டாள். வழியெல்லாம் வலது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு வந்தாள்.

மாமா வண்டியின் புத்தகங்களை எடுத்துக்கொண்டு வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எங்கே நிற்பது என்று தெரியாமல் சுவரோரம் ஒதுங்கினார். வண்டியில் ஏறச் சொன்னதும் தலையை ஆட்டி மறுத்தார். அக்காவின் கை நசுங்கிய அன்றே, இனி ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்று அவர் சபதம் எடுத்தது எல்லாருக்கும் தெரியும்.

"ஓட்ட வேண்டாம் மாமா. சும்மா உக்காந்து ஹேண்ட் பிரேக்கை மட்டும் போட்டுப் போட்டு எடுங்க. எப்பவும் போடுற மாதிரியே."

அவர் மெதுவாக ஏறி உட்கார்ந்தார். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. மெக்கானிக் ஒரு சாக்கை மடித்து வலது சக்கரத்தின் பக்கத்தில் போட்டு அக்காவை உட்கார வைத்தான். தானும் குந்தி, கைவிளக்கின் வெளிச்சத்தைத் திருகின் மேல் பிடித்தான். மேலே ஹேண்ட் பிரேக் இழுபடும் சத்தம் கேட்டது. ஷூ இரண்டும் விரிந்தன, நெம்பு அசைந்தது, டக். பல் சக்கரம் ஒரு பல் நகர்ந்தது. மறுபடி இழுத்தார். டக்.

அக்காவுக்குப் பார்ப்பது பழக்கம். ஒரு நூல் அளவு பிசகினாலும் தையலில் கண்டுபிடிப்பவள். குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது நகர நகர ஷூ வெளிய வரணும்க்கா" என்றான். "டிரம்மைப் பிடிக்கிறதுக்கு."

"உள்ளயில்ல போகுது."

"ஆமா. நான் பக்கம் மாத்தி மாட்டிட்டேன்."

டக். மேலே இருந்தவருக்கு எதுவும் கேட்டிருக்காது. அக்கா நிமிரவில்லை.

"அப்ப அவரு..."

"போட்டிருக்காரு. ஒவ்வொரு தடவையும் போட்டிருக்காரு. நேத்து பிரிக்கும்போது முழுசா உள்ள போயிருந்துச்சு. அவர் போடாம இது நகராதுக்கா. பெடல் இறங்குதுன்னு போன் வேற பண்ணினாரு. இன்னும் நல்லா இழுத்துப் போடுங்கன்னு நான்தான் சொன்னேன்."

அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தான். அடித்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அவள் துப்பட்டாவுக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்தாள். தம்பி வாங்கித் தந்த எண்ணெயைத் தினமும் தேய்த்தும் மடங்காத அந்த இரண்டு விரல்களையும் பல் சக்கரத்தின் பக்கம் கொண்டுபோனாள். யாராவது இப்படிக் கை நீட்டினால், ஸ்பிரிங் கடிச்சிடும், எடு கையை என்று அதட்டுவது அவன் வழக்கம். அன்றைக்குக் கைவிளக்கை அவள் விரலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"போதுமா மாப்ள?" என்று மேலேயிருந்து மாமா கேட்டார்.

இருவரில் யாரும் பதில் சொல்லவில்லை. போதவில்லை போலும் என்று நினைத்து, அவர் மச்சினன் சொன்னபடியே மறுபடி நன்றாக இழுத்துப் போட்டார். அக்காவின் விரலுக்குக் கீழே பல் சக்கரம் இன்னும் ஒரு பல் உள்ளே போயிற்று.